சொல்லாமல் விட்ட உயரம்

தபீதாளும் சிரஞ்சீவியும் ஒரே விமானக் கம்பெனியில் ஒரே மாதத்தில் கோ-பைலட்டாகச் சேர்ந்தவர்கள். இரண்டாயிரத்து நாலாம் வருடம் அது. புதிது புதிதாகத் தனியார் விமானங்கள் கிளம்பியிருந்தன. அதுவரை ரயிலைத் தவிர வேறு தெரியாத குடும்பங்கள் டிபன் பாக்சோடு விமான நிலையத்துக்கு வர ஆரம்பித்திருந்த காலம்.

இரண்டு பேருக்கும் சித்தூர் மாவட்டம்தான். தபீதாளின் அப்பா தனராஜ், சித்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். அதே ஊரில் மிட்டூர்ப் பகுதியில் சொந்த வீடு. சிரஞ்சீவிக்கு ராமகுப்பம் பக்கம் ஒரு சின்ன ஊர். அவனுடைய அப்பா கிருஷ்ணப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். அம்மா ரத்னம்மா பட்டுப்பூச்சி வளர்க்கிற வீடுகளுக்கு மல்பெரி இலை பறித்துப் போட்டவள். அரசாங்க உதவித்தொகையில் விமானம் ஓட்டப் படித்தான். வேலை கிடைத்த மறுவருடமே அலிபிரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்து, இருவரையும் திருப்பதிக்கு அழைத்து வந்துவிட்டான்.

தபீதாளுக்கு அவன்மேல் விரோதம் எதுவும் இல்லை. அவன் அவளுக்குக் கெடுதல் செய்ததும் இல்லை. இருந்தது பொறாமை. ஹைதராபாத்தில் இருவரும் பறக்கக் கற்றுக்கொண்ட நாட்களிலேயே அது தொடங்கிவிட்டது. பயிற்சியாளர் இறங்கிக்கொண்டு, தனியாகப் போய் வா என்று அவனை விட்டது பயிற்சியின் பதினோராவது மணி நேரத்தில். அவளை விட்டது பத்தொன்பதாவது மணி நேரத்தில். காற்று அடிக்கிற நாளில் அவள் இறங்கினால் சக்கரம் இரண்டு தரம் குதிக்கும். அவன் இறங்கினால் தரைக்கு வந்துவிட்டதே தெரியாது. இறங்கியபிறகு அவள் உள்ளங்கை நனைந்திருக்கும். அவன் கையைப் பார்ப்பாள். காய்ந்திருக்கும்.

அவன் வேலைக்குச் சேர்ந்தபோது தெலுங்குப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. கூலித் தொழிலாளியின் மகன் விமானி ஆனார் என்று. தனராஜ் வாத்தியார் அதைக் கத்தரித்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தவர்களிடம் அதை எடுத்துக் காட்டி, எப்படிப் படித்திருக்கிறான் பாருங்கள், இவனோடுதான் எங்கள் பாப்பாவும் வேலை செய்கிறாள் என்பார். அதே மாதம்தான் அவர் மகளும் சேர்ந்திருந்தாள். அவளைப் பற்றி யாரும் எழுதவில்லை. கணக்கு வாத்தியாருடைய பெண் பைலட் ஆவதில் எழுத என்ன இருக்கிறது? அவளுக்கே அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அப்பா அந்தக் காகிதத்தை எடுக்கும்போதெல்லாம் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

மூன்று வருடம் கழித்து, கம்பெனியில் கேப்டன்களுக்குப் பஞ்சம் வந்தது. கோ-பைலட்டுகளிலிருந்து சிலரை உயர்த்துவதாக அறிவித்தார்கள். அந்த மாதம் சேர்ந்தவர்களில் தபீதாளையும் சிரஞ்சீவியையும் தேர்ந்தெடுத்தார்கள். முதல் தவணையில் இடம் ஒன்றுதான். பாங்காக்கில் சிமுலேட்டர் செக் என்கிற பரீட்சை, இருவரும் ஒரே ஜோடியாக. ஒருவர் ஓட்ட வேண்டும், மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து உதவ வேண்டும். பிறகு மாறிக்கொள்ள வேண்டும்.

சிமுலேட்டர் என்பது கால்களின் மேல் நிற்கிற ஒரு பெட்டி. உள்ளே போனால் விமானத்தின் முன்பக்கம் அப்படியே இருக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கிற பரிசோதகர் ஒரு பித்தானை அழுத்தினால் இன்ஜின் தீப்பிடிக்கும், இன்னொன்றை அழுத்தினால் மூடுபனி இறங்கும். யாரும் சாவதில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பெட்டிக்குள் போகிற எந்தப் பைலட்டும் முந்தின வாரம் சரியாகச் சாப்பிடுவதில்லை.

செக்குக்கு முன்னால் ஐந்து நாள் விடுப்பு கிடைத்தது. தபீதாள் சித்தூருக்கு வந்ததும் சிரஞ்சீவிக்குப் போன் செய்து, சேர்ந்து பயிற்சி செய்யலாமா என்று கேட்டாள். அவன் உடனே வா என்றான். அவன் எப்படித் தயார் செய்கிறான் என்பதைப் பார்ப்பதுதான் அவள் எண்ணம். ஏதோ ஒரு வழி வைத்திருக்கிறான், யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறான் என்று அவள் நம்பியிருந்தாள்.

மறுநாள் காலை பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போனாள். அந்த வீட்டின் கூடத்துச் சுவரில், விமானத்தின் முன்பலகை முழு அளவுப் படமாக ஒட்டியிருந்தது. அதன் எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் அரிசி போட்ட ஒரு டப்பாவில் இரண்டு மரக் கரண்டிகள் செருகியிருந்தன. இடது இன்ஜினுக்கு ஒன்று, வலது இன்ஜினுக்கு ஒன்று.

"நல்லதா ரெண்டு கரண்டி இருந்துது. ரெண்டையும் எடுத்துக்கினு போய் சொருகிட்டான். நான் ஸ்பூன்ல கிண்டிக்கினு கெடக்குறன்," என்றாள் ரத்னம்மா, அவளிடம் காபியை நீட்டிக்கொண்டே.

சிரஞ்சீவி கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். தபீதாள் ஒவ்வொரு சுவிட்சாகச் சொல்ல, அவன் விரல் சுவரில் சரியாக அதன்மேல் போய் நின்றது. அவன் தபீதாளோடு வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது, உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த ரத்னம்மா சாதாரணமாக, "ஃபயர், நைனா," என்று குரல் கொடுத்தாள். அவன் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, புத்தகத்தைப் பார்க்காமல் செய்ய வேண்டிய முதல் நான்கு காரியங்களையும் வரிசையாகச் சொல்லிக் கையால் செய்து காட்டினான். முடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தான். அம்மாவுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது அப்படிக் கத்தச் சொல்லியிருக்கிறானாம். சாப்பிடும்போதும் உண்டு, குளிக்கும்போதும் உண்டு.

இரவு அவள் அங்கேயே தங்கினாள். அடுத்த நாள் விடிந்ததும், திருமலைக்கு ஏறுகிற அலிபிரி படிக்கட்டுக்கு அழைத்துப் போனான். பக்தர்கள் படிகளுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் இவன் வேகமாக ஏறிக்கொண்டே இன்ஜின் நின்றால் என்ன, புகை வந்தால் என்ன என்று வாய்விட்டு ஒப்பித்துக்கொண்டு போனான். இருநூறு படிக்கு மேல் தபீதாளுக்கு வார்த்தை குழறியது. நான்கில் மூன்றாவது காரியம் மறந்தே போனது.

"மூச்சு வாங்கும்போது சொல்ல வந்தாதான் அது உள்ள இருக்குதுன்னு அர்த்தம்," என்றான். "ஒக்காந்துகினு சொல்றதுல ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான் அவன் வைத்திருந்தது. ரகசியம் ஏதாவது இருந்திருந்தால் அவள் எடுத்துக்கொண்டிருப்பாள். மூன்று வருடமாக விடுப்பில் வருகிற ஒவ்வொரு நாளும் அவன் இதைச் செய்திருக்கிறான். அதை எப்படி எடுத்துக்கொள்வது? பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குப் பொறாமை குறையவில்லை, கூடியிருந்தது.

கிளம்பும் முன் அவன் ஒன்று சொல்லியிருந்தான். யாரிடமும் அதைச் சொன்னதில்லை என்றும் சொன்னான்.

"ஒரு இன்ஜின்ல இறங்கும்போது யாராவது நடுவுல பேச்சு குடுத்தா எனக்கு ஹைட் விட்டுடுது தபீதா. பக்கத்துல இருந்து நீ கொஞ்சம் சத்தமா சொல்லிடு."

அவள் சரி என்றாள்.

மேகத்துக்குள் ரன்வே தெரியாமல் இறங்கும்போது ஒரு எல்லை உண்டு. அந்த உயரம் வரை வரலாம். ரன்வே கண்ணில் படாமல் அதற்குக் கீழே ஓர் அடி கூட இறங்கக் கூடாது. ஓட்டுகிறவருக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்பதால், பக்கத்தில் இருக்கிறவர் இரண்டு தரம் சொல்ல வேண்டும். எல்லைக்கு நூறு அடி இருக்கும்போது ஒரு தரம். எல்லை வந்ததும் 'மினிமம்' என்று ஒரு தரம்.

பாங்காக்கில் முதலில் தபீதாள் ஓட்டினாள். சிரஞ்சீவி பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் நேரத்துக்குச் சொன்னான். அவள் சுமாராகச் செய்தாள். பரிசோதகர் கேப்டன் திருவேங்கடம் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு சிரஞ்சீவியின் முறை. ஓடுபாதையில் பாதி வேகத்தில் இன்ஜின் தீப்பிடித்தது. அவன் அலட்டிக்கொள்ளாமல் நிறுத்தினான். மறுபடி கிளம்பி மேலே ஏறியதும் ஒரு இன்ஜின் போயிற்று. சுவரில் செய்ததைப் போலவே செய்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தபீதாளுக்குத் தெரிந்துவிட்டது, இடம் அவனுக்குத்தான்.

ஒரு இன்ஜினோடு மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது, திருவேங்கடம் பணிப்பெண்ணாகப் பேசினார். ஒரு பயணிக்கு நெஞ்சு வலி என்றார், என்ன செய்யட்டும் என்று கேட்டார். சிரஞ்சீவி பதில் சொல்லத் தொடங்கினான். உயரம் காட்டும் ஊசி, சொல்ல வேண்டிய முதல் இடத்துக்கு வந்தது. தபீதாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல் நாக்கு வரை வந்துவிட்டது. ஒரு வினாடி பொறுத்துச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த ஒரு வினாடி போனது. அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். எல்லை வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

எல்லைக்குத் தொண்ணூறு அடி கீழே போனபிறகு அவனே பார்த்துத் தூக்கினான். தூக்கிய விதம் கூட அழகாக இருந்தது. ஆனால் செக் அங்கேயே முடிந்துவிட்டது.

விளக்குகளைப் போட்டபிறகு திருவேங்கடம் அவளைப் பார்த்து, ஏன் உயரத்தைச் சொல்லவில்லை என்று கேட்டார். கேபினோடு நடந்த பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்ததில் தவறிவிட்டது என்றாள். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். அவளுக்குச் சாதகமில்லாத ஒரு வரிதான் அது, ஆனால் தோல்வி இல்லை. சிரஞ்சீவியிடம், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

"என் ஹைட் சார். நான்தான் பாத்திருக்கணும்," என்றான். சொல்லிவிட்டு ஒரே ஒரு தரம் அவள் பக்கம் திரும்பினான்.

ஓட்டலுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நன்றாகச் சிரித்தாள். அதன்பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

தபீதாள் கேப்டன் ஆனாள். தோளில் நான்கு பட்டை. தனராஜ் வாத்தியார் சபையில் நன்றி ஆராதனை வைத்தார். சிரஞ்சீவி மறுபடி பயிற்சி எடுத்து கோ-பைலட் வேலைக்குத் திரும்பினான். அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருடமாவது காத்திருக்க வேண்டும். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வான், பெயர் சொல்லிப் பேசுவதை நிறுத்திவிட்டு கேப்டன் என்று கூப்பிட்டான். கிண்டலாகச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் ஒழுங்காகவே சொன்னான்.

அடுத்த வருடம் மாசி மாதம், திருப்பதியிலிருந்து ஹைதராபாத் போகிற காலை விமானத்துக்கு இருவரையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். ரேணிகுண்டா விமான நிலையத்தில் அறுபத்தாறு பேர் ஏறினார்கள். பாதிப் பேர் மொட்டை. விமானம் முழுக்க லட்டு வாசனை.

தரையை விட்டு நானூறு அடி ஏறியிருப்பார்கள். வலது பக்கம் டமார் என்று சத்தம் கேட்டது. இன்ஜினுக்குள் பருந்து போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. விமானத்தின் மூக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. தபீதாள் இடது காலைப் பலமாக அழுத்தி நேராக்கினாள். அதுவரை சரி. கை காலெல்லாம் தானாக வேலை செய்தன.

பிறகு, நின்றுபோன இன்ஜினை முழுவதுமாக அணைக்க வேண்டும். அதற்கான லீவரின் மேல் கையை வைத்து, சரிதானா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு, அவர் சரி என்ற பிறகே இழுக்க வேண்டும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து இன்ஜின்தான் செத்தது. முதல் வருடப் பாடம் இது. ஆனால் அந்த நேரம் அவள் உடம்பின் பலமெல்லாம் இடது காலில் இருந்தது. மனம் இடது, இடது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கை இடது லீவரின் மேல் போய் உட்கார்ந்தது. கேட்டதும் இழுக்கத் தொடங்கியதும் ஒரே நேரத்தில் நடந்தன.

சிரஞ்சீவியின் கை அவள் கைமேல் வந்து அழுத்தியது.

"இது இல்ல. ரைட்டு."

சாப்பாட்டுக்கு நடுவில் உப்பு கேட்கிற குரலில்தான் சொன்னான். அவள் கையை எடுத்தாள். வலது லீவரின் மேல் வைத்துக் கேட்டாள். அவன் பார்த்து, சரி என்றான். இழுத்தாள்.

மலையை விட்டு விலகித் தெற்கே திரும்பினார்கள். டவரோடு அவன் பேசினான். பயணிகளுக்கு இரண்டு மொழியில் சொன்னான். திரும்பி இறங்கும்போது ஒவ்வொரு உயரத்தையும் வேகத்தையும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தான். எழும்பி இறங்கப் பதினோரு நிமிடம். சக்கரம் தரையில் பட்டதும் பின்னாலிருந்து 'கோவிந்தா' சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது.

விமானம் நின்றபிறகு அவள் தன் கைகளைப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டிருந்தன. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நேரத்தைக் குறித்து எழுதிக்கொண்டிருந்தான். அறுபத்தாறு பேரோடு அவள் உயிரையும் காப்பாற்றிய கை. அப்போதும் அவளுக்கு முதலில் வந்தது நன்றி இல்லை. அந்தக் கை ஏன் நடுங்கவில்லை என்பதுதான்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அவள் படம். சித்தூர் பெண், அறுபத்தாறு உயிர்களைக் காத்தாள். சிரஞ்சீவியின் பெயர் ஒன்றிலும் இல்லை, துணை விமானி என்று மட்டும் ஒரு பத்திரிகை எழுதியிருந்தது. கம்பெனிக்குக் கொடுத்த அறிக்கையில் லீவர் விஷயத்தை அவள் எழுதியிருந்தாள். ஆனால் அதை யார் படிக்கப் போகிறார்கள்? அவள் இத்தனை நாள் ஆசைப்பட்டது எல்லாம் வீட்டு வாசலுக்கு வந்திருந்தது. மாலை, தட்டில் பழம், தாலுகா ஆபீஸிலிருந்து சால்வை. அப்பா புதிதாகக் காகிதங்கள் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் ஆசிர், ஆராதனைக்கு நடுவில் அவளை முன்னால் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொன்னார். சபை நிறைந்திருந்தது. தபீதாள் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"பேப்பர்ல போட்டது தப்பு," என்றாள். "நல்லா இருந்த இன்ஜினை நிறுத்தப் போனது என் கை. பக்கத்துல இருந்த சிரஞ்சீவி என் கையப் புடிச்சி நிறுத்தினாரு. அவரு இல்லன்னா நான் இங்க நிக்க மாட்டேன், அந்த அறுபத்தாறு பேரும் இல்ல. இதான் என் சாட்சி."

யாரோ ஒருவர் தயங்கி ஆமென் என்றார். தனராஜ் வாத்தியார் தலையைத் தூக்கவில்லை.

அதைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. சொல்ல வேண்டியது அது இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனாள்.

சிரஞ்சீவி வீட்டில்தான் இருந்தான். உட்காரச் சொன்னான். அவள் உட்காராமலே சொன்னாள்.

"பாங்காக்ல நான் ஹைட்ட பாத்தேன். ரெண்டு வாட்டியும் பாத்தேன். வேணும்னுதான் சொல்லல."

"தெரியும்," என்றான் அவன்.

"எப்படித் தெரியும்?"

"தூக்கும்போது உன் பக்கம் பாத்தேன். உன் கண்ணு ஊசி மேலயேதான் இருந்துது."

"அப்ப ஏன் சாருகிட்ட சொல்லல?"

சுவரில் இருந்த படத்தின் ஒரு மூலை கிளம்பியிருந்தது, அதை விரலால் அழுத்தி ஒட்டினான்.

"சொன்னா, ஃபெயிலானவன் பேசுறான்னு ஆயிடும். எங்க வூட்ல இருந்து போனவன் அப்படிப் பேசினா அது எனக்கு மட்டும் ஒட்டாது, எங்கள மாதிரி பின்னால வர்றவங்களுக்கும் ஒட்டும்," என்றான். "அப்புறம், அது என் ஹைட்டுதான். நீ சொல்லலன்னாலும் நான் பாத்திருக்கணும். அன்னில இருந்து பக்கத்து சீட்ல யாரும் இல்லன்னு நெனச்சிக்கினுதான் ப்ராக்டீஸ் பண்றேன்."

அவன் கோபித்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. இது அவளைச் சுட்டது. அன்றைக்கு, ரேணிகுண்டாவில், நான் செய்தது தெரிந்திருந்தும் ஏன் அப்படி உதவினாய் என்று கேட்டாள்.

"பின்னால ஆளுங்க இருந்தாங்களே," என்றான், கேள்வி புரியாதவனைப் போல.

உள்ளேயிருந்து ரத்னம்மா எட்டிப் பார்த்து, "சோறு ஆயிடுச்சி, துன்னுட்டுப் போ கண்ணு," என்றாள்.

"அவங்களுக்கு நேரமாயிடுச்சிம்மா," என்றான் சிரஞ்சீவி.

தபீதாள் கிளம்பினாள்.

அன்று சாயங்காலமே திருவேங்கடத்துக்குக் கடிதம் எழுதினாள். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள். இரண்டு நாள் கழித்து அவர் போன் செய்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். கடிதத்தில் உள்ளது எல்லாம் உண்மைதானே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்த வாரம் அவளைப் பறப்பதிலிருந்து நிறுத்தினார்கள். மூன்று மாதம் கழித்துப் பழையபடி கோ-பைலட்டாக உட்கார வைத்தார்கள். நான்கு பட்டை மூன்றானது. சித்தூரில் சிலர் துக்கம் விசாரிப்பது போல வந்து விசாரித்தார்கள். தனராஜ் வாத்தியார் ஒரு மாதம் அவளோடு அளந்துதான் பேசினார்.

சிரஞ்சீவிக்கு அந்த வருடமே மறுபடி செக் வைத்துக் கேப்டனாக்கினார்கள். நான்கைந்து தரம் அவனுக்குக் கீழே அவள் பறந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். அவன் ஒவ்வொன்றையும் தானும் பார்த்துக்கொண்டான். அவள் சொன்னதை மட்டும் நம்பி அவன் எதையும் செய்யவில்லை. அவளுக்கு அது தெரிந்தது. அதைக் கேட்க அவளுக்கு வாய் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அவளுக்கு மறுபடி கேப்டன் பதவி கிடைத்தது. அதற்குள் அவன் தோஹாவில் பெரிய கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டிருந்தான். முந்நூறு பேர் ஏறுகிற விமானம். செய்தி கேட்ட அன்று அவளுக்கு வயிறு எரியத்தான் செய்தது. எரிந்துகொண்டே போன் செய்து வாழ்த்தினாள். அம்மா அப்பாவையும் அழைத்துப் போகிறானா என்று கேட்டாள். கிருஷ்ணப்பாவுக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது, திருப்பதியிலேயே இருப்பார்கள் என்றான். பிறகு, அடுத்த செக் எப்போது, யாரோடு என்று விசாரித்தான்.

"அடுத்த மாசம். நகரிப் பொண்ணு ஒண்ணு, சுமித்ரான்னு, என்கூட போட்டிருக்காங்க," என்றாள். பிறகு, "என்னவிட நல்லா ஓட்டுறா," என்றாள்.

அந்தப் பக்கம் அவன் சிரித்தது கேட்டது. பாங்காக்குக்குப் பிறகு அவள் கேட்ட முதல் சிரிப்பு.

"அத அவகிட்ட சொல்லிடு," என்றான்.

அடுத்த வாரம் ஹைதராபாத்தில், பணியாளர் அறையில் சுமித்ரா காபி குடித்துக்கொண்டிருந்தாள். தபீதாள் எதிரே போய் உட்கார்ந்து, பாங்காக்கில் நடந்ததை முழுக்கச் சொன்னாள். அந்தப் பெண் காபியை மறந்துவிட்டுக் கேட்டாள்.

"நீ நல்லா ஓட்டுறது எனக்குக் கஷ்டமாதான் இருக்கு," என்றாள் தபீதாள். "சொல்ல வேண்டிய எடத்துல நான் சும்மா இருந்தா, என்ன ஹைட்டுன்னு சத்தமா கேளு. கேக்குறதுக்கு வெக்கப்படாத."

சுமித்ரா, கேக்குறேன் மேடம் என்றாள். பிறகு புத்தகத்தைத் திறந்து, எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டாள்.